பழி ஓரிடம், புள்ளி ஓரிடம்

2023 நவம்பர் 17 அன்று இங்கிலாந்தின் எவர்ட்டன் கால்பந்து கிளப் 10 புள்ளிகளை இழந்தது. மைதானத்தில் எந்த முறைகேடும் இல்லை. தவறு கணக்கில். அப்போதைய பிரீமியர் லீக் விதிப்படி ஒரு கிளப் மூன்று ஆண்டுகளில் அதிகபட்சம் 10.5 கோடி பவுண்டு நட்டப்படலாம். 2022 வரையிலான கணக்கில் எவர்ட்டனின் நட்டம் 12.45 கோடி. மேல்முறையீட்டில் 10 புள்ளி 6 ஆனது. அடுத்த கணக்கிலும் வரம்பு தாண்டியிருந்ததால், அதே பருவத்தில் மேலும் 2 புள்ளி போயிற்று.

முதலாளி செய்த செலவுக்கு ஊரையே தண்டிப்பதா என்று ரசிகர்கள் கொதித்தார்கள். தீர்ப்புக்குப் பிறகு சொந்த மைதானத்தில் நடந்த முதல் ஆட்டத்தில், லீக்கையே ஊழல் அமைப்பு என்று சாடும் இளஞ்சிவப்பு அட்டைகளை ஆயிரக்கணக்கானோர் உயர்த்திப் பிடித்தார்கள். அவர்களுடைய ஆத்திரம் நியாயமானது. வாதம் அவ்வளவு நியாயமானதல்ல. வரம்பு மீறிய பணத்தில் வந்த ஆட்டக்காரர்கள் அடித்த கோல்களுக்கும் அதே கூட்டம்தான் ஆர்ப்பரித்தது. பணத்தைக் கொட்டிச் சேர்த்தது புள்ளியை என்றால், திரும்ப எடுக்க வேண்டியதும் புள்ளியைத்தான். அபராதம் போதும் என்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: பெரும் பணக்காரனுக்கு அபராதம் இன்னொரு செலவு, அவ்வளவுதான்.

ஆனால் அந்தப் புள்ளியை எப்போது எடுப்பது? நீதி இடறி விழுவது இங்கேதான். 2021-22 பருவம் முடிந்தபோது எவர்ட்டனிடம் 39 புள்ளிகள் இருந்தன. பர்ன்லி கிளப் 35 புள்ளிகளோடு தரமிறங்கியது. அந்த 6 புள்ளியை அன்றே கழித்திருந்தால் எவர்ட்டன் 33-க்கு வந்திருக்கும். கீழே போயிருக்க வேண்டியது அதுதான். கழித்ததோ ஒன்றரை ஆண்டு கழித்து, வேறொரு பருவத்தில். அந்தப் பருவத்தை எவர்ட்டன் 8 புள்ளி இழந்தும் 40 புள்ளிகளோடு பத்திரமாக முடித்தது. பறித்த புள்ளிகளால் பர்ன்லிக்கு ஒரு பயனும் இல்லை. பந்தியில் முந்தி உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்தவனுக்கு மறுவருஷத் திருவிழாவில் ஒரு வடை குறைத்துப் போட்டால், அன்று பசியோடு வீடு திரும்பியவனுக்கு என்ன கிடைத்தது?

தண்டனை தாமதமாகும்போது ஆளும் மாறிவிடுகிறார். எவர்ட்டனில் அந்தச் செலவுக் காலத்தின் பெரும்பங்கு உரிமையாளர் ஃபர்ஹாத் மொஷிரி, 2024 டிசம்பரில் கிளப்பை விற்றுவிட்டார். லூட்டன் என்ற இன்னொரு இங்கிலாந்து கிளப்பின் கதை இன்னும் கொடுமை. 2008-09 பருவத்தை அது 30 புள்ளி குறைவாகத் தொடங்கியது. முந்தைய நிர்வாகம் ஏஜெண்டுகளுக்குப் பணம் கொடுத்ததில் செய்த முறைகேட்டுக்காக 10. திவால் நிலையிலிருந்து மீண்டபோது கடன்காரர்களோடு உரிய ஒப்பந்தம் செய்யாததற்காக 20. சுமந்தவர்கள் கிளப்பைக் காப்பாற்ற முன்வந்த புதியவர்கள். அந்தப் பருவத்தோடு லூட்டன் மேல் நான்கு பிரிவுகளிலிருந்தும் வெளியேறியது. திரும்பி வர ஐந்து ஆண்டு ஆயிற்று. கடன்காரர்களை ஏமாற்றவிடக் கூடாது என்ற விதியின் நோக்கம் சரிதான். ஆனால் திருடியவன் போன பிறகு வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவனைக் கட்டிவைத்து அடிப்பதை நீதி என்று எப்படிச் சொல்வது?

கணக்காண்டு முடிவதற்கு முன்பே பருவம் முடிந்துவிடுகிறதே, உடனே தண்டிக்க எப்படி முடியும் என்று கேட்கலாம். முடியாதுதான். அப்படியானால் தவறு நடந்த பின் தண்டிப்பதை நம்பியிருக்காமல், நடக்கும் முன்பே தடுக்க வேண்டும். ஸ்பெயினின் லா லிகா அதைத்தான் செய்கிறது. ஒவ்வொரு கிளப்பும் அணிக்கு எவ்வளவு செலவிடலாம் என்று முன்கூட்டியே வரம்பு கட்டுகிறது. வரம்பு தாண்டினால் ஆட்டக்காரரை எளிதில் பதிவு செய்ய முடியாது. 2021 ஆகஸ்டில் லியோனல் மெஸ்ஸியையே பார்சிலோனாவால் பதிவு செய்ய முடியாமல் போனது. அவர் கண்ணீரோடு விடைபெற்றார். அதிலும் ஓட்டைகள் உண்டு, பார்சிலோனாவே பிறகு பல வித்தைகள் காட்டியது. இருந்தாலும், வாங்கவே விடாமல் தடுப்பதுதான் நேர்மையான வழி. அதை மீறியும் ஒரு கிளப் ஏமாற்றினால் புள்ளியைப் பறிக்கட்டும். கூடவே, அந்த ஏமாற்றால் தரமிறங்கிய கிளப்புக்கு இழப்பீடு தருவதும் கட்டாயமாகட்டும். அந்த இழப்பீட்டை, விற்றுவிட்டுப் போன பழைய முதலாளியிடமிருந்தே வசூலிக்கட்டும்.