உள்பக்கத் தாழ்ப்பாள்

பெரியம்மா இருக்கும் முதியோர் இல்லம் வசதியானதுதான். வழுக்காத தரை, கழிவறையில் கைப்பிடி, சக்கர நாற்காலிக்குச் சரிவுப்பாதை எல்லாம் உண்டு. போனமுறை பார்க்கப் போனபோது அவர் ஒன்றுதான் கேட்டார்: "இந்தக் கதவுக்கு உள்ள ஒரு தாழ்ப்பாள் போடச் சொல்றியாடி?"

நிர்வாகியிடம் சொன்னேன். "உள்ள விழுந்துட்டா எப்படிம்மா தூக்குறது?" என்றார். நியாயமான அச்சம். ஆனால் வெளியிலிருந்து சாவியால் திறக்கக்கூடிய பூட்டுகள் இருக்கின்றன. விழுந்தவரின் உடல் தடுக்காதபடி வெளிப்பக்கம் திறக்கும் கதவும் வைக்கலாம். பிறகு எது தடுக்கிறது? அங்கே இரவில் ஒரு தளம் முழுவதையும் ஒரே ஆயா பார்த்துக்கொள்கிறார். திறந்த கதவுதான் அவருக்கு இரண்டாவது ஆள். ஒரு பெண்ணின் குறைந்த கூலியும் இன்னொரு பெண்ணின் அந்தரங்கமும் சேர்ந்தே அந்த இல்லத்தின் கணக்கைச் சரிக்கட்டுகின்றன.

பெரியம்மா பிறந்த வீட்டில் தங்கைகளோடு ஒரே பாயில் படுத்தவர். புகுந்த வீட்டில் அவர் சேலை மாற்றியது கதவிடுக்கில். 78 வயதில்தான் அவருக்கென்று ஓர் அறை கிடைத்திருக்கிறது, யாரும் தட்டாமல் நுழையும் அறை. எழுத விரும்பும் பெண்ணுக்கு வருமானமும் பூட்டுள்ள அறையும் வேண்டும் என்று வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் வாதிட்டார். எழுதாத பெண்ணுக்கு வேண்டாமா?

மாவட்டத்துக்கு ஒரு முதியோர் இல்லமாவது, அதில் ஆதரவற்ற 150 பேருக்காவது இடம் தந்து அமைக்கலாம் என்கிறது நம் 2007ஆம் ஆண்டுச் சட்டம். அந்த இடத்தில் அவர்களுக்கு எவ்வளவு அதிகாரம் என்பது அடுத்த கேள்வி. எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரு உளவியலாளர்கள் 1976இல் ஓர் அமெரிக்க முதியோர் இல்ல ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பிரிவினரிடம், உங்கள் அறையை எப்படி வைத்துக்கொள்வதென்று நீங்களே முடிவு செய்யுங்கள் என்று சொல்லி, தாங்களே வளர்க்க ஒரு செடியும் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவினரின் செடிக்குச் செவிலியர் நீர் ஊற்றினார்கள். முதல் பிரிவினரே கூடுதல் சுறுசுறுப்போடும் மகிழ்ச்சியோடும் இருந்தார்கள்.

ஒருவரைக் காப்பாற்றும் பொறுப்பு, அவருடைய மறைவைப் பறிக்கும் உரிமையையும் தந்துவிடுமா? தராது என்றே நினைக்கிறேன். விழாமல் காப்பது பராமரிப்பின் பாதிதான். கதவைச் சாத்திக்கொள்ள விடுவது மறுபாதி.

இதை நிர்வாகியிடம் சொல்லிவிட்டு வர எனக்கு நா எழவில்லை. எங்கள் வீட்டில் இருந்தபோதும் பெரியம்மாவின் கட்டில் ஹாலில்தான் கிடந்தது. "கண்ணெதிரே இருக்கட்டும்" என்று சொன்னது நான்தான்.