உருவமும் ஆளும்: ஓர் அழகிப் பட்டம் எழுப்பும் கேள்வி

1955ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் லாங் பீச் நகரில் நடந்த பிரபஞ்ச அழகிப் போட்டியில் ‘மிஸ் சிலோன்’ மொரீன் ஹிங்கர்ட் மூன்றாம் இடம் பெற்றார். 1937இல் கொழும்பில் பிறந்த அவர் பறங்கியர் சமூகத்தைச் சேர்ந்தவர். அவ்வாண்டு முடி சூடியவர் சுவீடனின் ஹில்லெவி ரோம்பின். போட்டியின் பிறப்பே வணிகத்தில்தான். 1951ஆம் ஆண்டின் அமெரிக்க அழகி யோலண்ட் பெட்பீஸ் நீச்சலுடையில் வலம்வர மறுத்ததால், கேட்டலினா என்ற நீச்சலுடை நிறுவனம் அடுத்த ஆண்டே தனியாக இதைத் தொடங்கியது. யுனிவர்சல் நிறுவனத்தின் நடிப்பு ஒப்பந்தமும் பரிசில் அடக்கம். அதனால் போட்டி மேடை ஹொலிவுட்டுக்குள் நுழையும் வாசலுமாயிற்று.

அந்த வாசல் வழியே ஹிங்கர்ட்டும் நடிகையானார். 1956இல் வெளிவந்த ‘த கிங் அன்ட் ஐ’ படத்தில் சியாம் அரண்மனைப் பெண்களில் ஒருவராகச் சிறு வேடம் கிடைத்தது. அந்தப் படத்தில் சியாம் மன்னராக வந்த யூல் பிரின்னர் ரஷ்யாவில் பிறந்தவர்; டப்டிம் வேடமேற்ற ரீட்டா மொரேனோ புவர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்தவர். 1958இல் ‘கன் ஃபீவர்’, ‘ஃபோர்ட் பொவி’ ஆகிய மேற்கத்தியச் சண்டைப் படங்களில் ஹிங்கர்ட் ஜானா டேவி என்ற பெயரில் செவ்விந்தியப் பெண்ணாக நடித்தார். அக்காலத்து ஹொலிவுட்டுக்கு வெள்ளையரல்லாதது போல் தோன்றும் முகம் என்றால் போதும். அது எந்த நாட்டு முகம் என்பது பொருட்டல்ல. இலங்கையின் முகம் என்று மேடையேறியவர் திரையில் இலங்கைப் பெண்ணாகத் தோன்ற இடமில்லாமற் போயிற்று.

நாட்டின் முகம் என்ற பேச்சுக்கும் ஒரு வரம்பு இருந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால், பதுளையை அடுத்த ஸ்பிரிங்வெளி முதலிய தோட்டங்களில் கொழுந்து பறித்த பெண்களில் பெரும்பாலோர் 1955இல் சட்டப்படி இலங்கையரே அல்லர். ஆகவே ஒரு முகம் நாட்டைக் குறிக்குமா என்பதோடு, அந்த முகம் அதை உடையவரையாவது குறிக்குமா என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. காணும் உருவம்தான் ஆளா? இக்கேள்வியைச் சமயங்கள் நெடுங்காலமாகவே கேட்டுவந்துள்ளன.

பௌத்தத்தில் தம்மபத உரை சொல்லும் சிரிமாவின் கதை புகழ்பெற்றது. இராசகிருகத்தில் வாழ்ந்த கணிகை அவள். அவள்மேல் மையல் கொண்ட இளம் பிக்கு ஒருவர் உண்ணாமற் கிடந்தார். அதற்குள் சிரிமா இறந்துபோனாள். உடலை எரிக்காமல் சில நாள் வைத்திருக்கும்படி புத்தர் அரசனிடம் சொன்னார். பிறகு, ஆயிரம் காசு கொடுத்து அவளைப் பெற்றுக்கொள்வோர் உண்டா என்று பறையறையப்பட்டது. விலை படிப்படியாக இறங்கியது. சும்மா தருகிறோம் என்றபோதும் எவரும் முன்வரவில்லை. நிலையாமையைச் சொல்லும் கதை என்றே இது எடுத்துக்காட்டப்படுகிறது. ஆனால் அதே உரையில் சிரிமா நாள்தோறும் பிக்குகளுக்கு உணவளித்த உபாசகி. அந்தக் குணம் ஒருபோதும் ஏலத்துக்கு வரவில்லை. விலை பேசப்பட்டதெல்லாம் உடல்தான்.

தமிழ்ப் பௌத்தக் காப்பியமான மணிமேகலையில் கேள்வி இன்னும் கூர்மை பெறுகிறது. தன்னை விரும்பித் தொடரும் இளவரசன் உதயகுமரனிடமிருந்து தப்ப, மணிமேகலை மந்திரத்தால் காயசண்டிகை என்ற பெண்ணின் உருவை மேற்கொள்கிறாள். காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் மணிமேகலையைத் தன் மனைவியென்றே நம்பி, அவளை நாடிவந்த இளவரசனை வெட்டிக் கொல்கிறான். உருவத்தை ஆளென்று கொண்டதால் ஓர் உயிர் போயிற்று. மணிமேகலையோ எந்த உருவில் இருந்தாலும் பசித்தவர்க்குச் சோறிடுவதை விடவில்லை.

சைவ சித்தாந்தம் உடலை உயிர் என்று கொள்வதில்லை, பகையென்று தள்ளுவதுமில்லை. உயிர் தன் மலம் நீங்குவதற்காக மாயையிலிருந்து பெற்ற கருவியே உடல் என்பது அதன் கொள்கை. காரைக்கால் அம்மையார் அழகிய உடலை வேண்டாமென்று பேயுரு வேண்டினார். அந்த உருவில் வந்தவரையே சிவன் அம்மையே என்று அழைத்ததாகப் பெரியபுராணம் கூறுகிறது. மறுபுறம், திருமூலர் உடம்பை வளர்த்துப் பேணுவதையே உயிரை வளர்க்கும் வழியாகக் கண்டார்.

மலையக வழிபாட்டில் இக்கருத்துகள் நூலுக்கு வெளியே கண்ணெதிரில் நிகழ்கின்றன. மாசி மாதத்தில் தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்தில் ரதியாக வருபவர் ஆண். விரதமிருந்து, சேலை கட்டி, தப்பு முழக்கத்துக்கு ஆடும் அவரை ஊர் ரதியாகவே ஏற்கிறது. கூத்து முடிந்து வேடம் கலைந்ததும் அவர் மறுபடி பெரட்டுக்கு, அதாவது தோட்டத்து ஆள்கணக்கெடுப்புக்கு, போகும் தொழிலாளி. ஹொலிவுட் வேடத்தை முகத்தில் தேடியது. கூத்து அதை விரதத்திலும் ஆட்டத்திலும் தேடுகிறது.

ஊவா மாகாணத்தின் கதிர்காமத்தில் முருகன் சந்நிதி இன்னொரு விடை தருகிறது. கருவறையைத் திரை மறைத்திருக்கும். வள்ளி தெய்வானையுடன் முருகன் தீட்டப்பட்ட அத்திரைக்குத்தான் அடியார் கும்பிடுவர். வாயைத் துணியால் கட்டிய பூசகரான கப்புறாளை மட்டுமே உள்ளே போவார். ஆடித் திருவிழாவில் யானைமேல் வருவதும் மூடிய பேழையே. அழகே வடிவான கடவுளை அங்கு அடியார் எவரும் நேரில் காண்பதில்லை. காணாததால் பக்தி குறைவதுமில்லை.

இம்மரபுகள் எதுவும் அழகைக் குற்றமாக்கவில்லை. ஆனால் அதை ஆளின் அளவுகோலாகவும் ஏற்கவில்லை. அழகு ஒருவருக்கு வாய்ப்பது, அவர் ஈட்டியதன்று. ஆகவே பட்டத்துக்காக ஒரு பெண்ணை உயர்த்துவதும் தவறு, இகழ்வதும் தவறு. மதிப்பும் பழியும் அவரவர் செயலுக்கே உரியவை.