விலாவின் நடுவே

எனக்கு இருபத்திரண்டு வயது நடந்துகொண்டிருந்த ஒரு மார்கழியில், முதலில் வலப்பக்க விலாவில் ஓயாத குத்தலும், பிறகு குத்தல் குறைந்து, பாதி தூரம் போய்த் திரும்பிவிடும் மூச்சுமாக நான் பதினைந்து நாள் படுத்துக் கிடந்தபோது, நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறதென்று கண்டறிந்த வயோதிக வைத்தியர் ஒருவர், என்னை நாற்காலியின் முதுகுச் சட்டத்தைப் பார்த்து உட்காரவைத்து, அதன்மேல் கைகளை மடித்துத் தலையைச் சாய்த்துக்கொள்ளச் சொன்னார். தோள்பட்டை எலும்பின் கீழ்முனையில் விரலை வைத்து, "ஏழு" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு, ஜபமாலை உருட்டுகிறவரைப் போல எட்டு, ஒன்பது என்று ஒவ்வோர் எலும்பாகக் கடந்து வந்து, ஓரிடத்தில் மசியால் புள்ளி வைத்தார். பயத்தை மறைக்க ஏதாவது பேசவேண்டுமே என்று, "எலும்பு இல்லாத இடமாய்ப் பார்த்துக் குத்தினால் போதும், இல்லையா டாக்டர்?" என்று கேட்டேன். "எலும்பு இல்லாத இடமெல்லாம் சும்மா கிடக்கிற இடமென்று நினைத்தாயா தம்பி? மேல் எலும்பின் அடியில் ஆள் குடியிருக்கிறது. கீழ் எலும்பின் தலையை உரசிக்கொண்டுதான் போகவேண்டும்" என்றார் அவர். நீர் வடிந்தது, தை பிறந்ததும் எழுந்து நடமாடினேன். அங்கே குடியிருப்பவர் யார் என்று அறியும் ஆவல் மட்டும் வடியவில்லை.

பின்னாளில் சரீர சாஸ்திர நூல்களைப் புரட்டியபோது முதலில் வியப்பளித்தது ஓர் எளிய கணக்கு. ஒரு பக்கத்துக்கு 12 விலா எலும்புகள் இருந்தும், இடைவெளிகள் 11 தாம். பன்னிரண்டாவது எலும்புக்குக் கீழேயும் சதை உண்டு, நரம்பு உண்டு, இரத்தக் குழாய் உண்டு. ஆயினும் அப்பால் கரையாக நிற்க இன்னோர் எலும்பு இல்லாத காரணத்தால் சாஸ்திரிகள் அதை இடைவெளிக் கணக்கில் சேர்ப்பதில்லை. குடத்துக்குள் அடைபட்ட வெளிக்குக் கடாகாசமென்று பெயரிட்டு, குடம் உடைந்தபின் அது என்ன ஆகிறதென்று விசாரித்த நம் வேதாந்திகள் இந்தக் கணக்கைக் கண்டிருந்தால் ரசித்திருப்பார்கள்.

ஆனால் அந்த விரலகல வெளி, குடத்தின் வெளியைப் போல வெறுமையானதன்று. அதில் மூன்று அடுக்குச் சதை இருக்கிறது. புற அடுக்கின் இழைகள், சட்டைப் பையில் கை விடும்போது விரல்கள் எந்தச் சாய்வில் இறங்குமோ அந்தச் சாய்வில் முன்னோக்கிக் கீழே இறங்குகின்றன. அடுத்த அடுக்கின் இழைகள் அவற்றுக்குக் குறுக்காகப் பின்னோக்கிச் சரிகின்றன. மூன்றாவது அடுக்கோ மெல்லியது, ஆங்காங்கே அற்றுப்போவது. மேல் எலும்பின் அடிவிளிம்பில் வாய்க்கால் போன்ற ஒரு பள்ளமும், அதை ஒட்டி மேலே சிரையும், அதன் கீழே தமனியும், அதற்கும் கீழே நரம்பும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடுகின்றன. வைத்தியர் சொன்ன குடித்தனம் இதுதான். மூவரில் நரம்புக்கே பள்ளத்தின் காப்பு மிகவும் குறைவு. துன்பத்தை அறிவிக்க வேண்டியவன் திண்ணையில் படுத்திருப்பது நியாயந்தானே. நாம் மூச்சை உள்ளிழுக்கும்போது மேல் விலாக்கள் தண்ணீர்ப் பம்பின் பிடியைப் போல முன்னே எழும்புவதும், கீழ் விலாக்கள் வாளியின் பிடியைப் போலப் பக்கவாட்டில் தூக்கிக்கொள்வதும் எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் விலகி நிற்பதாலேயே சாத்தியமாகின்றன. அமைதியான சுவாசத்தில் பெரும்பங்கு வேலை உதரவிதானத்தினுடையது என்பது மெய்யே. எனினும் ஓடும்போதும், இருமும்போதும், வாய்விட்டுச் சிரிக்கும்போதும் இந்த நடுச்சதைகளின் பாடு தெரிந்துவிடுகிறது. விலா நோகச் சிரித்தோம் என்கிறோமே, அப்போது நோவது எலும்பன்று.

என் விசாரம் இங்கேதான் தொடங்குகிறது. ஹிருதயத்தையும் நுரையீரல்களையும் காப்பதற்கென்று சிருஷ்டிகர்த்தா ஒரு கவசம் செய்தாரென்று வைத்துக்கொண்டால், இரு புறமுமாக 22 சந்துகளை அதில் அவர் விட்டுவைத்தது ஏன்? ஈட்டி நுழைவதும், கத்தி நுழைவதும், அம்பு நுழைவதும் இவற்றின் வழியாகத்தான். சந்தே இல்லாத கவசம் அவருக்குச் செய்யத் தெரியாததுமன்று, ஆமைக்குச் செய்திருக்கிறார். ஆமையின் விலா எலும்புகள் விரிந்து பரந்து முதுகோட்டோடு ஒன்றாக இணைந்துவிட்டவை. ஆனால் அதற்கு அது கொடுத்த விலை என்னவென்று பார்த்தால், அசையாத அந்த விலாக்களைக்கொண்டு அதனால் மூச்சுவிட முடியாது. வயிற்றுப் பக்கத்துச் சதைகளை வேறு வகையாக இயக்கித்தான் அது சுவாசிக்க வேண்டியிருக்கிறது. பயந்து தலையையும் கால்களையும் சடக்கென்று உள்ளிழுக்கும்போது நுரையீரலுக்கு இடம் போதாமல் காற்றை வெளியே தள்ளிவிடுகிறது. நாம் கேட்கும் அந்தச் சீறல் கோபத்தினால் வருவதன்று. திருக்குறளும் கீதையும் ஐம்புலன்களை அடக்கியவனுக்கு ஆமையை உவமையாக்கியதில் எனக்கு யாதொரு ஆட்சேபமும் இல்லை. ஆனால் அடங்கிய ஆமை ஒரு பெருமூச்சைச் செலவிட்டுத்தான் அடங்குகிறது என்பதை உவமையை எடுத்தாளுகிறவர்கள் நினைத்துப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

ஆமைக்கு நேர் எதிரான ஒரு சித்திரம் கிறிஸ்தவ வேதத்தில் இருக்கிறது. அது ஒரு சொல்லின் சரித்திரமாகவும் இருப்பதால் சற்று விரித்தே சொல்லவேண்டும். ஆதியாகமத்தின் இரண்டாம் அதிகாரத்தில், உறங்கும் ஆதாமின் விலாவிலிருந்து ஒன்றை எடுத்துக் கடவுள் ஸ்திரீயை உண்டாக்கினார் என்பது எல்லோரும் அறிந்த கதை. எடுத்த இடத்தை அவர் சதையினால் மூடினார் என்று அதே வசனத்தில் வருவதைப் பலர் கவனிப்பதில்லை. எலும்பு இருந்த இடத்தில் சதை என்றால், அது விலாவின் இடைவெளிக்கு எழுதிய இலக்கணம் போலல்லவா இருக்கிறது? அங்கே வரும் எபிரேயச் சொல்லாகிய 'த்ஸேலா'வுக்கு விலா எலும்பு என்று மட்டும் பொருளன்று. பக்கம் என்றும் பொருளுண்டு. சாலொமோனின் ஆலயத்தைச் சுற்றியிருந்த பக்க அறைகளுக்கும் வேதத்தில் அதே சொல்தான். எலும்பு என்றே கொண்டவர்கள், ஆண்களுக்கு ஓர் எலும்பு குறைவாக இருக்கவேண்டும் என்று எண்ணிவந்தார்கள். 1543-ல் சரீர சாஸ்திரியான வெசாலியஸ் தம் பெருநூலில், ஆணுக்கும் பெண்ணுக்கும் எலும்புகள் 24 தாம் என்று எழுதி அந்த எண்ணத்தை மறுத்தார். வேண்டுகிற எவரும் தம் மனைவியின் அனுமதியோடு எண்ணிப் பார்த்திருக்கக்கூடிய ஒரு காரியத்துக்கு அத்தனை காலம் ஆயிற்று.

அந்த எபிரேயச் சொல்லைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் 'ப்ளூரா' என்றார்கள். யோவான் சுவிசேஷத்தில், சிலுவையில் மரித்தவரின் விலாவை ஒரு சேவகன் ஈட்டியால் குத்த, இரத்தமும் நீரும் புறப்பட்டன என்று வருமிடத்திலும் அதே 'ப்ளூரா'. நுரையீரலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறைக்கு வைத்தியர்கள் வழங்கும் பெயரும் அதுவே. என் மார்கழி வியாதி அந்த உறையைப் பற்றியது. தமிழ் வேதத்திலும் ஆதாமுக்கும் இயேசுவுக்கும் 'விலா' என்னும் ஒரே சொல் வாய்த்தது நம் பாஷைக்குக் கிடைத்த பாக்கியம். முதல் மனிதனின் உறக்கத்தில் மூடப்பட்ட இடம், இரண்டாம் ஆதாமின் மரண உறக்கத்தில் மறுபடியும் திறந்தது என்று பண்டைய கிறிஸ்தவ ஆசாரியர்கள் இரண்டையும் சேர்த்துப் படித்தார்கள்.

'திறந்தது' என்ற சொல்லை நானாகப் போடவில்லை. கிரேக்க மூலத்தில் சேவகன் 'குத்தினான்' என்றிருக்க, லத்தீன் மொழிபெயர்ப்பில் அவன் 'திறந்தான்' என்று இருக்கிறது. கிரேக்கத்தில் அவ்விரு வினைகளும் எழுத்திலும் ஒலியிலும் மிக நெருங்கியவையாதலால், ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொண்ட பிழையிலிருந்து லத்தீன் பாடம் பிறந்திருக்கலாம். மூலத்தைப் பாராமல் லத்தீனையே பற்றிக்கொண்ட புனித அகஸ்தீன், குத்தினான் என்றோ காயப்படுத்தினான் என்றோ சொல்லாமல் திறந்தான் என்று சுவிசேஷகர் சொன்னதில் எத்தனை சூட்சுமம் என்று வியந்து, நோவாவின் பேழைக்குப் பக்கத்தில் வைத்த கதவையும் அதற்கு முன்னடையாளமாகக் காட்டி, அழகான வியாக்கியானம் ஒன்று எழுதினார். பிழையின்மேல் எழுந்ததனால் அந்த வியாக்கியானம் பொய்யாகிவிடுமா? இலக்கணப் புலவர்கள் ஆம் என்பார்கள். முதுகில் மசிப்புள்ளியோடு நாற்காலியில் குனிந்திருந்த எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. அன்று வைத்தியர் செய்தது குத்தியதா, திறந்ததா என்று கேட்டால் நான் எதைச் சொல்வேன்?

குத்தாமலே அந்தச் சந்துகளின் வழியாக உள்ளே போனவர்களும் உண்டு. வியன்னாவில் வைத்தியராயிருந்த ஆவன்புருகர், விடுதி நடத்தியவரின் மகன். பீப்பாயைத் தட்டி உள்ளே எவ்வளவு திரவம் இருக்கிறதென்று அறியும் உபாயத்தை மனிதமார்பில் பிரயோகித்து 1761-ல் நூலொன்று வெளியிட்டார். 1816-ல் பாரிஸ் நகரத்து நெக்கர் ஆஸ்பத்திரியில், ஹிருதய நோயுற்ற ஸ்தூல சரீரமுள்ள ஓர் இளம்பெண்ணின் மார்பில் காதை வைக்கக் கூசிய லயனெக், காகிதத்தைக் குழலாகச் சுருட்டி ஒரு முனையை அவள் மார்பிலும் மறுமுனையைத் தம் காதிலும் வைத்தார். கூச்சத்திலிருந்து பிறந்த கருவிகள் உலகில் அதிகமில்லை. ஹிருதயத்தின் நுனி வந்து மோதும் இடம் இடப்பக்கத்து ஐந்தாம் இடைவெளி என்று எந்த வைத்திய மாணவனும் இன்று சொல்வான். அங்கே விரலை வைத்தால் துடிப்பு தட்டுப்படும். ஹிருதயத்துக்குள் உள்ள சிற்றாகாசத்தைப் புறத்தேயுள்ள ஆகாசத்தோடு ஒப்பிட்ட சாந்தோக்கிய உபநிஷதம், அதைத் தேடி அறியச் சொல்கிறது. தேடுகிறவன் எந்த வழியாக நுழையவேண்டும் என்று கேட்டு, ஐந்தாம் இடைவெளி என்று விடை சொன்னால் பண்டிதர்கள் சிரிப்பார்கள் என்று தெரிந்தும், அந்த எண்ணத்தை என்னால் விலக்க முடிவதில்லை. லயனெக் 1826-ல் க்ஷயரோகத்தால் மாண்டார். தம் மார்பின் ஒலியைக் கேட்டுச் சொல்லும்படி தம் கருவியைத் தம் உறவினர் ஒருவரிடமே கொடுத்தார்.

இன்னொரு வெளியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நுரையீரலுக்கும் மார்புச் சுவருக்கும் நடுவே காற்று இருக்கிறது என்று ஜெனாவைச் சேர்ந்த ஹாம்பர்கரும், இல்லவே இல்லை என்று கோட்டிங்கனைச் சேர்ந்த ஹாலரும் பதினெட்டாம் நூற்றாண்டில் மூண்டெழுந்து வாதாடினார்கள். ஹாலரே சரி. இரண்டு உறைகளும் மெல்லிய ஈரத்தோடு ஒன்றையொன்று தழுவியிருக்கின்றன. காயத்தினால் காற்று புகுந்தால்தான் அங்கே வெளி என்று ஒன்று உண்டாகிறது, உண்டானதும் நுரையீரல் சுருங்கிவிடுகிறது. சிதம்பரத்தில் திரையை விலக்கி வெளியைக் காட்டுகிறபோது இதை நினைத்துக்கொள்வேன். எல்லா வெளியும் தரிசிக்கத் தக்கதன்று. விலாச் சதைகளின் வேலையைப் பற்றி அதே வாதத்தில் ஹாம்பர்கர் சொன்னதுதான் பெரும்பாலும் சரியாயிற்று என்பதையும் சொல்லாவிட்டால் அவருக்கு அநியாயம் செய்தவனாவேன்.

இனி இயேசுவின் சீடரான தோமையாரைப் பற்றி. உயிர்த்தெழுந்தவரின் விலாவில் கையிட்டாலன்றி நம்பமாட்டேன் என்று சொன்னவர் அவர். எட்டு நாள் கழித்து, கையை நீட்டும்படி அழைக்கப்பட்டவரும் அவர். சந்தேகத்துக்காக அவரை அதட்டியே பிரசங்கம் செய்கிறார்கள். எனக்கோ, கையை விடத்தக்க ஓரிடத்தைச் சரீரத்தில் வைத்துவிட்டு, கை விடக் கேட்டவனைக் குறை சொல்வது முறையாகத் தோன்றவில்லை. அழைத்தவரும் காயத்தை மூடிக்கொண்டு வரவில்லையே. கரவாஜியோ 1600-ஐ ஒட்டித் தீட்டிய படத்தில் தோமையாரின் சுட்டுவிரல் சதைமடிப்புக்குள் நுழைந்திருக்கிறது, நெற்றியில் கோடுகள் விழுந்திருக்கின்றன, அவர் மணிக்கட்டை இயேசுவின் கையே பிடித்து வழிகாட்டுகிறது. ஆனால் சுவிசேஷத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள்: அவர் தொட்டாரென்று அங்கே எழுதியிருக்கவில்லை. அழைப்பு இருக்கிறது, உடனே அவருடைய விசுவாசப் பிரகடனம் இருக்கிறது, நடுவே ஒன்றும் இல்லை.

அந்தத் தோமையார் சென்னைக்கருகே பரங்கிமலையில் ஈட்டியால் குத்துண்டு மாண்டார் என்பது இங்குள்ள கிறிஸ்தவர்களின் பரம்பரை நம்பிக்கை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரையோரத்தைப் பற்றிச் சொன்ன மார்க்கோ போலோ வேறு கதை கேட்டிருக்கிறார்: குடிலுக்கு வெளியே அவர் ஜெபித்துக்கொண்டிருக்க, சுற்றி மயில்கள் மேய, மயிலுக்கு எய்த ஒருவனின் அம்பு குறி தவறி அவருடைய வலப்பக்கத்தில் தைத்துவிட்டதாம். ஈட்டியோ அம்போ, நான் தீர்மானிக்கப் போவதில்லை. வலப்பக்கம் என்று படித்த அன்று மட்டும், என்னை அறியாமலே கை பின்னால் போய், தோள்பட்டை எலும்பின் கீழ்முனையிலிருந்து ஏழு, எட்டு என்று எண்ணத் தொடங்கிற்று. ஒன்பதுக்குக் கை எட்டவில்லை.