பிள்ளைக்குச் சோறு உண்டு, கலிக்குக் காசு இல்லை

மத்தூர், போச்சம்பள்ளி, பர்கூர், ஓசூர் பக்கம் பிழைக்க வந்த குடும்பங்கள் நம்மில் உண்டு. கடை வைத்து வந்தவர்களும் உண்டு, சிப்காட் கம்பெனிகளில் ஷிப்டு வேலைக்கு வந்தவர்களும் உண்டு. பணிவிடை முடிந்து கூட்டம் கலைந்தபிறகு, தாய்மார் மெல்லக் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. "வளர்ந்த பிள்ளை. கஞ்சா, மாத்திரை என்று ஆகிவிட்டான். காசு கேட்டு மிரட்டுகிறான். கொடுத்தால் கெடுகிறான்; கொடுக்காவிட்டால் பெற்ற மனம் தாங்கவில்லை. தர்மத்தைப் பெரிதாகச் சொன்ன அய்யா வழியில் நின்றுகொண்டு, பெற்ற பிள்ளைக்கே இல்லை என்று சொல்லலாமா?"

தர்மம் எது என்று முதலில் பார்ப்போம். நம் தாங்கல்களில் பசித்து வந்தவனுக்கு அன்னம் உண்டு. யார், எந்த ஊர், என்ன சாதி என்று கேட்பதில்லை. ஆனால் சோற்றுக்குப் பதிலாக யார் கையிலும் ரூபாயைத் திணிப்பதில்லை. தாழ்ந்து கிடப்பவனைத் தூக்கிவிடுவது தர்மம். அவன் இன்னும் ஆழத்தில் விழக் கயிறு கொடுப்பது தர்மம் ஆகாது. போதைக்குப் போகும் காசு பிள்ளையின் வயிற்றுக்குப் போவதில்லை. அது கலியின் கைக்குப் போகிறது.

அகிலத்திரட்டில் பாருங்கள். வரம் வாங்கிப் பூலோகம் வந்த கலியனை நாராயணர் ஆயுதத்தோடு எதிர்கொள்ளவில்லை. பண்டார வேடத்தில் வந்து, பண்டாரங்களைத் துன்புறுத்த மாட்டேன் என்று அவனிடம் ஆணை வாங்கினார். கலிக்கே ஒரு எல்லை வைத்தார். அந்த ஆணையை மீறியதே கலிக்குக் கேடாயிற்று. அப்படியிருக்க, நம் வீட்டு வாசலில் நாம் ஒரு எல்லை வைப்பது எப்படிப் பாவமாகும்?

எல்லை என்றால் வெறுப்பு அல்ல. அய்யா வைகுண்டர் தம் மக்களை நேசித்தார். நேசித்தபடியால்தான் 700 குடும்பத்தாரைத் துவையல் தவசுக்கு அனுப்பி, குளிப்பதற்கும், துணி துவைப்பதற்கும், ஒரு வேளை உண்பதற்கும் ஒழுங்கு வைத்தார். மக்கள் தலை நிமிரவே அந்தக் கட்டுப்பாடு. பொறுமையும் அப்படித்தான். சிங்காரத்தோப்புச் சிறையில் அய்யா பொறுமையாக இருந்தார். தம் சொல்லை விட்டுக்கொடுக்கவில்லை. அடிக்குப் பயந்து கேட்டதெல்லாம் கொடுப்பதற்குப் பொறுமை என்று பெயர் இல்லை. தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நில் என்று சொன்னவரின் மக்கள், சொந்த வீட்டில் குனிந்து வாழ வேண்டியதில்லை.

ஆகையால் பெற்றோர் இருவரும் முதலில் ஒரே சொல்லாக இருங்கள். அப்பா மறுத்ததை அம்மா ஒளித்துக் கொடுத்தால் எல்லை நிற்காது. பிள்ளை தெளிவாக இருக்கும் காலை வேளையில், கோபம் இல்லாமல், நாலே வார்த்தையில் சொல்லுங்கள்: "சோறு உண்டு. துணி உண்டு. வைத்தியத்துக்குக் கூட வருவோம். காசு இல்லை, ஜிபேயும் இல்லை. போதைப் பொருள் இந்த வீட்டுக்குள் வரக்கூடாது. கை ஓங்கினால் போலீசைக் கூப்பிடுவோம்." செய்ய முடியாததைச் சொல்லாதீர்கள், சொன்னதைச் செய்யாமல் விடாதீர்கள். அவன் வாங்கிய கடனை நீங்கள் அடைக்காதீர்கள். வேலைக்குப் போகாத நாளில் சூப்பர்வைசரிடம் காய்ச்சல் என்று அவனுக்காகப் பொய் சொல்லாதீர்கள். பொய் சொல்லிக் காப்பாற்றும்போது, தான் விழுந்தது அவனுக்கே தெரியாமல் போகிறது.

உண்மையாகவே கை ஓங்கினால் 112-ஐ அழைத்து, மற்றப் பிள்ளைகளோடு பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள். செத்துப்போவேன் என்று சொன்னால் வெறும் மிரட்டல் என்று தள்ளாதீர்கள். தனியே விடாமல் 14416 அல்லது 104-ல் பேசுங்கள்.

யாரோ செய்வினை வைத்தார்கள் என்று மந்திரவாதியிடம் ஓடுகிறவர்களும் உண்டு. அய்யா அந்த மந்திர தந்திரத்தை எல்லாம் ஒழித்தவர். கட்டிப்போட்டு அடிப்பதும் வேண்டாம். இது நோய், நோய்க்கு வைத்தியம் இருக்கிறது. அதிகம் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கும் ஆபத்து. கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். போதை மீட்புக்கென்றே 14446 என்ற இலவச எண் இருக்கிறது. வைத்தியத்துக்குப் போனால் வழக்கு வருமோ என்று பயந்து மறைக்கிறோம். பயன்படுத்தியதற்காகவோ, சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கியவன் தானே முன்வந்து சிகிச்சை எடுத்தால், 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டமே 64ஏ பிரிவில் அவனுக்கு விலக்கு வைத்திருக்கிறது.

குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் டிடிகே மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே நோயாளிக்கு மட்டும் அல்ல, குடும்பத்தாருக்கும் தனியே ஆலோசனை உண்டு. வீடு மாறினால்தான் பிள்ளை மாறவும் வழி பிறக்கும்.

திருந்தியவன் மறுபடி விழலாம். அப்போதும் எல்லை அதேதான், அன்பும் அதேதான். நம் பள்ளியறையில் கண்ணாடி முன் நின்று வணங்குகிறோம். நமக்குள்ளே அய்யா இருப்பதைப் போல, கண் சிவந்து வாசலில் நிற்கும் அந்தப் பிள்ளைக்குள்ளும் அய்யா இருக்கிறார். காசு இல்லை என்று சொல்லும்போதும் அதை மறக்காதீர்கள். "நீ எங்கள் பிள்ளைதான், சாப்பிட்டாயா?" என்று கேட்க மறக்காதீர்கள்.

இப்படிப்பட்ட வீடு உங்கள் தெருவில் இருந்தால், வளர்ப்பைக் குறை பேசாமல் அந்தத் தாயோடு ஆஸ்பத்திரி வரை துணைக்குப் போங்கள். அதுவும் தர்மமே.

அய்யா, வழி தவறிய பிள்ளைகளைத் திருத்தி எடும். பெற்றவர்களுக்கு உறுதி தாரும். அந்த உறுதிக்குள் அன்பு வற்றாமல் காத்தருளும்.

அய்யா உண்டு.