மாணவர் சோர்வும் நமது கடமையும்



"நாங்கள் பூமிக்கடியில் இறங்கி உழைத்தோம், ஒரு நாளும் மனம் தளர்ந்தோமில்லை. இக்காலத்துப் பிள்ளைகளோ, நிழலில் அமர்ந்து புத்தகம் படிப்பதற்கே களைத்துப் போகிறார்கள்" என்னும் பேச்சு நமது தங்கவயல் லைன்களில் அடிக்கடி கேட்கப்படுகிறது. கல்லூரிக்குச் சென்ற மகன் வகுப்பிற்குப் போகாமல் சுற்றினான், குடித்தான், ஆசிரியரை எதிர்த்துப் பேசினான் என்று கேள்விப்பட்டால், "மனவுறுதி இல்லாத பிள்ளை" என்று ஒரே சொல்லில் தீர்ப்புக் கூறிவிடுகிறோம். இத்தீர்ப்பு நியாயமானதுதானா என்பதைச் சற்று ஆராய்வோம்.

முதலாவதாக, சோர்வென்பது யாது? உலக சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டில், தொழிலால் உண்டாகும் முற்றிய சோர்வை வரையறுத்து, அதற்கு மூன்று அடையாளங்களைக் கூறிற்று. உடலும் உள்ளமும் வற்றிப்போதல் ஒன்று. செய்யும் பணியின்மேல் வெறுப்புற்று விலகி நிற்றல் இரண்டு. எதைச் செய்தும் பயனில்லை என்னும் எண்ணம் மூன்று. அந்நிறுவனம் அதனை நோயென்று கூறவில்லை. தணிக்கப்படாத நெடுநாள் நெருக்கடியின் விளைவென்றே கூறிற்று. அது தொழிலாளரைக் குறித்துச் சொல்லப்பட்டதேயாயினும், அம்மூன்று அடையாளங்களையும் மாணவரிடத்தும் காண்கிறோம். நாம் சோம்பலென்றும் திமிரென்றும் கூறுவனவற்றுள் பல, இரண்டாவது அடையாளமாகவே இருத்தல் கூடும்.

இனி, நமது முன்னோரின் உறுதியைப் பார்ப்போம். சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழமுடையது. அவ்வாழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசுக்கு மேற்பட்டது. அங்கே உழைத்தவர்கள் வீரர்களே, ஐயமில்லை. ஆனால் அவர்கள் மனவுறுதி ஒன்றினாலேயே அங்கு நின்றார்களா? மேலிருந்து குளிர்ந்த காற்று செலுத்தப்பட்டது. தங்கக்கல்லை வெட்டியெடுத்த வெற்றிடங்களில் கருங்கற்சுவர்கள் அடுக்கப்பட்டன. அவ்வாறு செய்தும், பாறையினுள் சேர்ந்த அழுத்தம் ஒருநாள் திடீரென வெடித்து, மனிதரை மாய்த்ததுண்டு. அப்போது எவரும், "இப்பாறைக்கு உறுதி போதாது" என்று பாறையைப் பழித்தாரில்லை. அழுத்தம் எங்கே சேர்ந்தது, தாங்கல் எங்கே குறைந்தது என்றே தேடினர். அன்றியும், அந்நாளில் மனம் தளர்ந்தவரே இல்லையென்பதும் மெய்யன்று. நுரையீரலில் கல்தூசி படிந்து மாண்டவரையும், களைப்பை மறக்கச் சாராயத்தை நாடிக் குடும்பத்தை அழித்தவரையும் நாம் அறிவோம். அவர்கள் வந்து தம் கதையைக் கூறமாட்டார்கள். தாங்கி நின்றவர் கதை மட்டுமே நம் காதில் விழுகிறது.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின், மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலையில் புறப்படும் இரயில்களே நமது மக்களுக்கு ஜீவனாதாரமாயின. பெங்களூருக்கு ஏறக்குறைய 100 கிலோமீட்டர். வேலைக்குச் செல்வோரோடு கல்லூரி மாணவரும் அதே பெட்டியில் நின்றுகொண்டு செல்கின்றனர். இருட்டிய பிறகு வீடு திரும்புகின்றனர். பள்ளியில் ஒரு மொழியில் பயின்றவன், கல்லூரியில் வேறொரு மொழியில் பாடங்கேட்கிறான். கல்விக்கடன் ஒருபுறம், "நம் குடும்பத்தில் முதற் பட்டதாரி நீயே" என்னும் சொல் மறுபுறம். அச்சொல்லை நாம் அன்பினாலேயே சொல்லுகிறோம். எனினும், தோற்பதற்கு உரிமையில்லாத ஒருவனுக்கு அஃது எத்துணைப் பாரம்! மில்லில் வேலை பார்த்தவர் அறிவர்: உருளையில் அளவுக்கு மீறிக் கல்லைக் கொட்டினால், அரைபடுவது கூடாது, குறையும்.

பகவான் புத்தர் காலத்திலும் இத்தகைய மாணவர் ஒருவர் இருந்தார். சோணர் என்னும் செல்வர் மகன் துறவு பூண்டு, இராஜகிருகத்தின் அருகே சீதவனத்தில் கடுமுயற்சி செய்தார். நடந்து நடந்து தியானித்ததில் பாதங்கள் வெடித்துக் குருதி கசிந்தது. பயன் கிட்டாமையால் மனமுடைந்து, வீடு திரும்பிவிடலாம் என எண்ணினார். பகவான் அவரை வரவழைத்துக் கண்டித்தாரில்லை. தாமே அவரிருந்த இடத்திற்குச் சென்றார். "முன்பு நீ யாழ் வாசிப்பதில் வல்லவன் அல்லவா?" என்று அவரறிந்த கலையைக் கொண்டே வினவினார். நரம்பு மிக முறுகினாலும் இசை பிறவாது. மிகத் தளர்ந்தாலும் பிறவாது. அதுபோலவே முயற்சி மிகுந்தால் மனக் கலக்கமும், குறைந்தால் சோம்பலும் உண்டாகும் என்று அவருக்கு உணர்த்தினார்.

இவ்வுவமையை மாணவருக்கு உபதேசிப்பவர் பலர். ஆயின் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சோணரின் நரம்பை முறுக்கியவர் சோணரே. ஆகலின் தளர்த்தவும் அவரால் இயன்றது. நம் பிள்ளைகளின் நரம்பை முறுக்குவோர் பலர்: பெற்றோர், கல்லூரி, கடன், சாதி. முறுக்குகின்ற கை நம்முடையதாயிருக்க, நரம்பை நோக்கி "அறுந்துவிடாதே" என்று உபதேசம் செய்வது தருமமாகுமா?

ஐதராபாத் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர் ரோகித் வேமுலாவை நினைவுகூர்வோம். உதவித்தொகை நின்று, விடுதியினின்று விலக்கப்பட்டு, தோழர் நால்வருடன் வெட்டவெளியில் படுத்திருந்த அவர், 2016 ஜனவரி 17-இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவ்வாண்டு ஏப்ரல் 14-இல் அவருடைய தாயாரும் தம்பியும் மும்பையில் பௌத்தம் தழுவினர். 2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 13,000-க்கு மேற்பட்ட மாணவர் தற்கொலை செய்துகொண்டதாக அரசின் குற்ற ஆவணக் கணக்குக் கூறுகிறது. உயர்கல்வி நிலையங்களில் இதன் காரணங்களை ஆராயும்படி, 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே ஒரு பணிக்குழுவை அமைத்தது. இத்தனை ஆயிரம் பேரும் மனவுறுதி அற்றவர்கள் என்று சொல்ல நமக்கு நா எழுமா?

"அப்படியாயின், பிள்ளை எதைச் செய்தாலும் குற்றம் பிறருடையதா? அவனுக்குப் பொறுப்பே இல்லையா?" என்று கேட்பீர்கள். தக்க கேள்வியே. அதற்கு விடையாக நிற்பவர் அங்குலிமாலர். அகிம்சகன் என்னும் பெயருடன் தட்சசீலத்தில் கல்வி கற்ற நன்மாணவர் அவர். உடன்பயின்றோர் பொறாமையால் கோள் மூட்ட, ஆசிரியர் அதனை நம்பி, ஆயிரம் விரல்களைத் தட்சிணையாகக் கேட்டார் என்பது உரைநூற் கதை. அவர் கொலைஞரானதற்குக் காரணம் வெளியில் இருந்தது. பகவான் அவரைக் கைவிடாமல் சங்கத்தில் ஏற்றார். ஆயினும், பிச்சைக்குச் சென்ற அவர்மீது கல்லெறி பட்டுத் தலையுடைந்து வந்தபோது, அது செய்த வினையின் பயன், தாங்கிக்கொள் என்றார். காரணத்தை அறிதல் வேறு. வினையைத் துடைத்தல் வேறு. குடித்துவிட்டு அடித்த மாணவன், அடித்ததற்குப் பதில் சொல்லியே தீர வேண்டும். ஆனால் பதில் சொல்லும் இடத்தில் அவன் தனியே நிற்கலாகாது. நாமும் உடன் நிற்க வேண்டும்.

பொறுமை பாரமிதைகளுள் ஒன்று. ஒருவன் தானே விரும்பி வளர்த்துக்கொள்ளும்போது அது குணம்; பாரத்தை ஏற்றுவோன் சுமப்பவனிடம் கேட்கும்போது அது வெறும் வசதி. இவ்வேறுபாட்டை அறிதலே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆகவே, பெற்றோர்களே! மதிப்பெண்ணைக் கேட்குமுன், உண்டாயா, உறங்கினாயா என்று கேளுங்கள். ஒரு பருவம் தவறினாலும் வீட்டுக் கதவு திறந்திருக்கும் என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். மாணவர்களே! சோர்வை மறைப்பது வீரமன்று. அழுத்தம் வெடிக்குமுன் ஒருவரிடமேனும் கூறுங்கள். அருகில் எவரும் இல்லையேல், அரசின் மனநல உதவிக்கான டெலி மானஸ் 14416 என்னும் எண்ணில், தமிழிலேயே எந்நேரமும் பேசலாம். சங்கத்தினரே! ஞாயிறுதோறும் கூடும் நாம், வராத இளைஞனின் பெயரைக் குறித்துக்கொண்டு, அவன் வீட்டிற்கு நடந்து செல்வோம். சீதவனத்திற்குப் பகவான் தாமே சென்றார். லைன் வீட்டிற்குச் செல்ல நமக்கு என்ன தடை?