தராசில் ஏறாத எடை

ஓர் ஊரின் பிழைப்பு நிலைத்து நிற்குமா என்பதை எதைக் கொண்டு அளப்பது? விளைந்த மூட்டைகளைக் கொண்டா? ஈட்டிய கூலியைக் கொண்டா? அக்கூலிக்காக மனிதர் பணயம் வைத்ததையும் சேர்த்தா? இது கணக்கர்களின் வினா என்று நாம் ஒதுங்கிவிடலாகாது. அளவையில் மோசம் செய்வோரைக் கண்டிக்க 'அல்முதஃப்பிஃபீன்' என்னும் தனி அத்தியாயமே அருளப்பெற்ற மறையை உடையவர்கள் நாம். நமக்கு அளத்தல் என்பது அறத்தைச் சார்ந்ததாகும்.

விருதுநகர் மாவட்டத்து ஏழாயிரம்பண்ணையை எண்ணிப் பார்ப்போம். பாளையக்காரர் காலத்துப் பழம்பெரும் ஊர். சுற்றிலும் கரிசல் நிலம். பெரும்பாலும் மானாவாரி வெள்ளாமை. வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பருத்தியும் சோளமும் உளுந்தும் விதைப்பார்கள். மழை பொய்த்தால் விதையும் போயிற்று, கடனும் நின்றது.

இத்தகைய வறண்ட பூமியில்தான் தீப்பெட்டியும் பட்டாசும் வேரூன்றின. 1920களில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். காய்ந்த வானிலையும், வயலில் வேலையின்றி இருந்த கைகளும் அத்தொழிலுக்கு வாய்ப்பாக அமைந்தன. உழவின் குறையே தொழிலின் முதலாயிற்று.

இதன் விளைவாக ஒரே வீட்டுக்குள் இரண்டு வேண்டுதல்கள் எழுகின்றன. புரட்டாசி பிறந்ததும் நிலம் வைத்திருப்பவர் மழைக்காக வானத்தை நோக்குகிறார். அவ்வீட்டிலிருந்தே பட்டாசு ஆலைக்குச் செல்பவரோ, தீபாவளி முடியும்வரை வெயில் வேண்டும் என்கிறார்; வானம் மூடினால் மருந்து உலராது, கூலியும் கிடையாது. இறைவனின் அருளாகிய மழை ஒரு கைக்கு வரவாகவும் மறு கைக்கு இழப்பாகவும் வருமாயின், அந்தப் பிழைப்பை நிலைபெற்றது என்று எப்படிக் கூறுவது?

அறிஞர்கள் இதை அளக்க முயன்றிருக்கின்றனர். 1990களின் தொடக்கத்தில் எம்.எஸ். சுவாமிநாதனும் பொருளியல் அறிஞர் மரிய சாலெத்தும் ஒரு வட்டாரத்தின் வாழ்வாதாரத்தை மூன்று கோணங்களில் நோக்கினர்: இயற்கையின் பாதுகாப்பு, பொருளாதாரத் திறன், சமூக நீதி. சிறந்த சிந்தனைதான். ஆயினும் அம்முறையில் மிகத் தாழ்ந்த வட்டாரத்துக்குச் சுழியமும் மிக உயர்ந்ததற்கு ஒன்றும் தந்து, ஏனையவற்றை இடையில் நிறுத்துவர். அண்டை வட்டாரத்தைவிட மேல் என்பதை அது சொல்லும். வாழப் போதுமா என்பதைச் சொல்லாது.

2018இல் மத்திய அரசு நூற்றுக்கும் மேற்பட்ட மாவட்டங்களை 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' எனத் தெரிந்தெடுத்தது. தமிழகத்தில் விருதுநகரும் இராமநாதபுரமும் அவற்றில் இடம்பெற்றன. ஐந்து துறைகள், 49 குறியீடுகள். நலவாழ்வுக்கும் கல்விக்கும் தலா 30 விழுக்காடு. வேளாண்மைக்கும் நீர்வளத்துக்கும் 20. எஞ்சியவை நிதி வசதி, தொழில்திறன், கட்டமைப்பு ஆகியவற்றுக்கு. வேலைக்குப் போனவர் மாலையில் வீடு திரும்புவாரா என்பது இந்த ஐந்தில் ஒரு துறையாக இல்லை. அன்றியும், மலையடிவாரத்து வத்திராயிருப்பின் நெல்வயலையும் ஏழாயிரம்பண்ணையின் கரிசலையும் மாவட்டச் சராசரி ஒரே எண்ணாகக் கலந்துவிடுகிறது.

2021 பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை. ஏழாயிரம்பண்ணைக்கு அருகிலுள்ள அச்சன்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்கு முதல்நாள் வரை அவர்களின் கூலி வருமானக் கணக்கில் ஏறிக்கொண்டே இருந்தது. அக்கூலியோடு கலந்திருந்த ஆபத்தோ எந்தத் தட்டிலும் ஏறவில்லை.

இவ்விடத்தில் நம் மார்க்கத்தின் ஓர் அளவை நினைவுக்கு வருகிறது. விளைச்சலின் ஜகாத்துக்குப் பெருமானார் (ஸல்) அவர்கள் வகுத்த விதியை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவர். மழையால் விளைந்ததில் பத்தில் ஒரு பங்கு. நீர் இறைத்துப் பாடுபட்டு விளைவித்ததில் இருபதில் ஒரு பங்கு. களத்தில் கிடப்பது ஒரே அளவு தானியமாக இருக்கலாம். ஆனால் அது எவ்வளவு பாட்டில் வந்தது என்பதும் கணக்கில் சேருகிறது. பாடு மிகுந்தவனிடம் குறைவாகவே கேட்கப்படுகிறது. விளையாத ஆண்டில் கேட்பதற்கே ஒன்றுமில்லை. விளைச்சலோடு வருத்தத்தையும் சேர்த்து நிறுக்கும் தராசு இது.

அந்தத் தராசை ஏழாயிரம்பண்ணைக்குக் கொண்டு சென்றால் நம் கேள்விகள் மாறும். எத்தனை ரூபாய் வந்தது என்பதோடு, எத்தகைய ஆபத்தில் வந்தது என்றும் கேட்போம். ஓராண்டு மழை பொய்த்தாலும், உயிரைப் பணயம் வைக்காமல் அடுத்த விதைப்பு வரை அக்குடும்பம் தாக்குப்பிடிக்குமா? அவ்வீட்டுப் பிள்ளைக்கு வேறு வேலையைத் தேர்ந்துகொள்ள வழியுண்டா? இவற்றுக்கு 'ஆம்' என்னும் விடை கிடைக்கும் நாளிலேதான் அவ்வூரின் பிழைப்பு நிலைபெற்றது எனலாம்.

குற்றம் கணக்கெடுப்போருடையது மட்டுமன்று. கடையில் தீப்பெட்டியைக் குறைந்த விலைக்கு வாங்குகையில் நமக்கு வேண்டியதை நிறைவாக அளந்துகொள்கிறோம். அதைச் செய்த கைகளுக்கு உரியதைக் குறைத்தே அளக்கிறோம். அளவையில் மோசம் செய்வோர் என்று திருமறை கண்டிப்பது சந்தை வணிகரை மட்டும்தானா? மறுமையின் தராசில் நாம் நிற்குமுன், நம் கையிலுள்ள தராசை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வோமாக!