களைப்பும் அறமும்

களைப்பு என்பது உடல் தன் எல்லையை அறிவிக்கும் மொழியாகும். அம்பெற்றமீன் முதலிய ஊக்கமருந்துகள் மனிதனுக்குப் புதுவலிமை எதனையும் நல்குவதில்லை. அவை நரம்புகளைத் தூண்டி, இதயத் துடிப்பை விரைவாக்கி, உடற்சூட்டையும் உயர்த்தி, அம்மொழி நம் செவியில் விழாதவாறு செய்துவிடுகின்றன.

1967 ஆம் ஆண்டு யூலை 13 ஆந் திகதி, பிரான்ஸ் நாட்டைச் சுற்றி நடைபெறும் துவிச்சக்கரவண்டி ஓட்டப்போட்டியில், கடும் வெயிலில் மொன் வோந்து மலையேறிய ரொம் சிம்சன் என்னும் ஆங்கிலேய வீரர் சரிந்து விழுந்து இறந்தார். அப்பொழுது அவருக்கு வயது 29. அவருடலில் அம்பெற்றமீனும் மதுவும் இருந்தமை பின்னர் தெரியவந்தது. மறு ஆண்டில் ஒலிம்பிக் போட்டிகளிலும் ஊக்கமருந்துப் பரிசோதனை ஆரம்பமாயிற்று. அம்பெற்றமீனில் ஒரு பகுதி மாற்றமடையாமலே சிறுநீருடன் வெளியேறும். ஆதலால், உட்கொண்டு ஓரிரு நாள் கழிந்த பின்னரும் அதனைக் கண்டுபிடித்தல் சாத்தியமாகும்.

இப்பரிசோதனை அவசியம் என்பதில் நமக்கு ஐயமில்லை. அது உயிர்களைக் காக்க உதவும். நேர்மையாக ஓடுபவனுக்கும் அரணாகும். எனினும், மருந்தை உண்டவன் யார் என்பதையே சிறுநீர் கூறும். வெயிலில் ஒரே நாளில் 200 கிலோமீற்றருக்கு மேல் ஓடும்படி விதித்தவர் யார், அவ்வோட்டத்தால் இலாபமடைந்தவர் யார் என்பவற்றை அது கூறமாட்டாது.

இதே வகை மருந்து குற்றமாகக் கருதப்படாத இடமும் வரலாற்றில் உண்டு. 1940 ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் யூலை வரையிலான காலத்துள் ஹிட்லரின் படைகளுக்கு ஏறத்தாழ 3 கோடி 50 இலட்சம் மெதம்பெற்றமீன் மாத்திரைகள் அனுப்பப்பட்டன. பிரித்தானிய, அமெரிக்கப் படைகளும் தம் வீரருக்கு அம்பெற்றமீன் வழங்கின. அங்கே எவருடைய சிறுநீரும் குற்றச் சான்றாகவில்லை. உறங்காத போர்வீரன் அரசுகளுக்குத் தேவைப்பட்டான். ஆள்வோர் கொடுத்தால் கடமை, தனிமனிதன் தானே உண்டால் குற்றம் என்னும் இவ்விரட்டை நீதி சிந்திக்கற்பாலது.

தனிமனிதனின் பொறுப்பை நாம் மறுக்கவில்லை. ஏமாற்றி வென்றவன் ஏமாற்றியவனே. ஆயினும், மனிதவுடலை ஓயாத இயந்திரமாகக் கருதும் அமைப்பை விசாரியாது, அவ்வுடலை மட்டும் விசாரிப்பது அரைநீதியே. பரீட்சைக்கு முந்திய இரவில் மாத்திரையால் உறக்கத்தை விரட்டும் மாணவனைக் கண்டிக்குமுன், அவன் தோளில் நாம் ஏற்றிய சுமை எவ்வளவு என்று ஆசிரியராகிய நாமும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். உழைப்பவனுக்கு ஓய்வு உரிமை. அதனைப் பறித்தவரும் விசாரணைக்கு வருதலே முழுநீதியாகும்.